கோழிக்கு ஒரு பக்கம் இடம்

இந்தக் கட்டுரையைப் படிக்கத் தொடங்குமுன் ஒரு சின்னக் காரியம் செய்யுங்கள். கையிலுள்ள பத்திரிகையை விரித்துத் தரையில் வையுங்கள். தொடர்கதைப் பக்கம் வேண்டாம். விளம்பரப் பக்கமாகப் பார்த்து வைத்தால் போதும். அதில் ஒரே ஒரு பக்கத்தை மட்டும் உற்றுப் பாருங்கள். அகலம் 18 சென்டிமீட்டர், உயரம் 25 சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பெருக்கிப் பார்த்தால் 450 சதுர சென்டிமீட்டர்.

இன்று காலை உங்கள் வீட்டில் ஆம்லெட்டாகவோ, குழந்தையின் டிபன் பெட்டியில் அவித்த முட்டையாகவோ வந்ததே, அதை இட்ட கோழிக்குக் கிடைத்த இடம் அநேகமாக அவ்வளவுதான். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல. முட்டையிடும் காலம் முழுவதும், ஒரு வருஷத்துக்கு மேல், அந்தக் கோழி அந்த அளவு இடத்தில்தான் நிற்கிறது, தின்கிறது, தூங்குகிறது.

'ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகப் பத்திரிகை படிக்க உட்கார்ந்தால், கோழிக் கதையைக் கொண்டு வந்து வயிற்றைக் கலக்குகிறாளே இந்தப் பெண்!' என்று என்னைக் கோபித்துக் கொள்ளாதீர்கள். நானும் முட்டை சாப்பிடுகிறவள்தான். உங்களைப் போலவே கடையில் பேரம் பேசி வாங்குகிறவள்தான். அதனாலேயே இந்த விஷயம் என்னை உறுத்திக் கொண்டிருக்கிறது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

செவ்வாப்பேட்டை ஆயா

சமீபத்தில் ஒரு ஞாயிறன்று செவ்வாப்பேட்டைக்குப் போயிருந்தேன். சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் ஏறினால், திருநின்றவூர், வேப்பம்பட்டு தாண்டியதும் வரும் ஊர். ஸ்டேஷன் பலகையில் 'செவ்வாப்பேட்டை ரோடு' என்று எழுதியிருக்கும். ஊரின் பெயரில் செவ்வாய் இருந்தாலும், நான் ஞாயிறாகப் பார்த்துப் போனதற்குக் காரணம் உண்டு. செவ்வாயும் வெள்ளியும் நம்மில் பல வீடுகளில் அசைவம் கிடையாது. கோழிக்கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார். ஞாயிறென்றால் அவருக்கு மூச்சுவிட நேரம் இராது.

ரயிலில் பெண்கள் பெட்டி நிரம்பி வழிந்தது. பாதிப் பேர் அடுத்த ஸ்டேஷனான புட்லூருக்குப் போகிறவர்கள். அங்கே பூங்காவனத்து அம்மன், நிறைமாதக் கர்ப்பிணியாகப் படுத்திருக்கும் கோலத்தில் இருக்கிறாள். பிள்ளை வரம் வேண்டியும், சுகப்பிரசவம் வேண்டியும் பெண்கள் வளையலும் மஞ்சளும் குங்குமமுமாகப் போய்க் கொண்டிருந்தார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஏழு மாதம் இருக்கும். கால் நீட்டி உட்காரட்டும் என்று எதிரே இருந்த இரண்டு பேர் எழுந்து இடம் விட்டார்கள். அதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது, தெரியுமா?

செவ்வாப்பேட்டையில் இறங்கி, தெரிந்தவர் ஒருவர் காட்டிய வழியில் ஓர் ஆயாவின் வீட்டுக்குப் போனேன். ஓட்டு வீடு, பின்னால் முருங்கை மரம், மரத்தடியில் குப்பைமேடு. நாலைந்து கோழிகள் குப்பையைச் சீய்த்துக் கொண்டிருந்தன. ஒரு கோழி மண்ணில் குழி பறித்துக்கொண்டு, அதில் புரண்டு புரண்டு மண்ணை வாரி மேலே இறைத்துக் கொண்டிருந்தது. "குளிக்குது" என்றாள் ஆயா. கோழிக்குத் தண்ணீர்க் குளியல் கிடையாது, மண் குளியல்தான். இறகிலுள்ள செள்ளும் பிசுக்கும் அதில்தான் போகும். பொழுது சாய்ந்தால் எல்லாம் முருங்கைக் கிளையில் ஏறிக்கொள்ளப் பார்க்குமாம். பூனைக்குப் பயந்து ஆயாதான் பிடித்துப் பஞ்சாரத்தில் அடைப்பாளாம்.

திண்ணை மூலையில் ஓர் உடைந்த பானை. அதில் மணல், மணலுக்கு மேல் வைக்கோல். அதன்மேல் ஒரு செம்பழுப்புக் கோழி இறகையெல்லாம் சிலிர்த்துப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஓர் இரும்பாணியும் ஒரு துண்டு அடுப்புக்கரியும் கிடந்தன. இடி இடித்தால் முட்டை கூமுட்டையாகிவிடாமல் இருப்பதற்காம்!

"ஆயா, நாலு முட்டை கிடைக்குமா?" என்று கேட்டேன்.

"ஏது முட்டை? அது அடையில குந்தியிருக்குது, கண்ணு. பதினோரு முட்டை வெச்சிருக்கேன். குஞ்சு பொரிச்சு, அதுங்க கொஞ்சம் பெரிசாகி, தாய் பிரிச்சு வுட்டப்புறம்தான் மறுபடியும் முட்டை. ரெண்டு மூணு மாசம் ஆவும்."

"அதுவரைக்கும் முட்டை வேண்டுமென்றால்?"

"கடையில வாங்கிக்கோ!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பில் முழுக் கணக்கும் அடங்கியிருக்கிறது. கோழி 21 நாள் அடைகாக்கும். பிறகு குஞ்சுகளோடு இரண்டு மாதம் திரியும். ஆகையால் வீட்டுக் கோழி வருஷத்துக்கு 60 அல்லது 80 முட்டை இட்டால் அதிகம். அதிலும் பாதி அடைக்குப் போய்விடும். பூனை, கீரி, பருந்து எல்லாம் தம் பங்கைக் கேட்கும். போன வருஷம் வெள்ளைக் கழிச்சல் வந்து ஆயாவின் கோழிகளில் பாதி போய்விட்டதாம். கிராமத்துக் கோழி வாழ்க்கை சொர்க்கம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அது கோழியின் வாழ்க்கை. சீய்க்கிறது, குளிக்கிறது, ஓடுகிறது, முட்டையிட மறைவிடம் தேடுகிறது, குஞ்சை இறக்கைக்குள் அணைத்துக் கொள்கிறது.

இந்த முட்டையை நம்பி நகரம் பிழைக்க முடியுமா? முடியாது. செவ்வாப்பேட்டை கூடப் பிழைக்க முடியாது.

கடை முட்டை எங்கிருந்து வந்தது?

ஆயா சொன்னபடி கடைக்குப் போனேன். அட்டைத் தட்டுகளில் முப்பது முப்பதாக வெள்ளை வெளேரென்று முட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் ஒரு சின்னக் கூடையில் பழுப்பு முட்டைகள். விலை இரண்டு மடங்குக்கு மேல். "நாட்டுக்கோழி முட்டையா?" என்று ஓர் அம்மாள் சந்தேகத்துடன் கேட்டாள். "கலரைப் பாரும்மா" என்றார் கடைக்காரர்.

இதிலே ஒரு விஷயம் தெரிந்து கொள்ளுங்கள். ஓட்டின் நிறம் கோழியின் ஜாதியைப் பொறுத்தது. அது வாழ்ந்த விதத்தைப் பொறுத்ததல்ல. பழுப்பு முட்டையிடும் ஜாதிகளையும் பண்ணைக் கூண்டில் வளர்க்கிறார்கள். ஆகவே நிறத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

"வெள்ளை முட்டை?" என்றேன். "நாமக்கல் சரக்கு" என்றார். முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து லாரியில் வந்த முட்டை. நாமக்கல்லில் தினம் பல கோடி முட்டைகள் உற்பத்தியாகின்றன. 1982-ல் அமைந்த தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு அங்கே அறிவிக்கும் விலையைப் பார்த்துத்தான் செவ்வாப்பேட்டைக் கடைக்காரர் வரை எல்லோரும் விலை வைக்கிறார்கள்.

அந்த நாமக்கல் பக்கத்தில், முன்பொரு முறை போயிருந்தபோது, ஒரு பண்ணையைச் சுற்றிப் பார்த்திருக்கிறேன். பண்ணைக்காரர் நல்ல மனிதர். மோர் கொடுத்து உபசரித்தார். நீண்ட கொட்டகை. அதில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கம்பிக் கூண்டுகள், படிப்படியாக அடுக்கியிருந்தன. ஒவ்வொரு கூண்டிலும் நாலைந்து வெள்ளைக் கோழிகள். முன்னால் தீவனத் தொட்டி. தலைக்கு மேல் குழாயில் சொட்டும் தண்ணீர். கூண்டின் தரையும் கம்பிதான். சற்றே சரிவாக இருக்கும். முட்டை இட்டவுடன் உருண்டு வெளியே வந்துவிடும். தாய் அதைத் திரும்பிப் பார்க்கக்கூட நேரம் இல்லை! எச்சம் கம்பி வழியாகக் கீழே விழுந்துவிடும். முட்டையில் அழுக்குப் படாது. ஓர் ஆள் ஆயிரக்கணக்கான கோழிகளைப் பார்த்துக் கொள்ளலாம்.

யோசனை என்னவோ பிரமாதமான யோசனைதான். திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்களுக்குத் தொழிற்பேட்டை புதிதல்ல. கும்மிடிப்பூண்டியும் காக்களூரும் அங்கேதான் இருக்கின்றன. அங்கே யந்திரம் வரிசையாக நிற்கிற மாதிரி இங்கே கோழி நிற்கிறது. ஒரு பக்கம் மக்காச்சோளமும் சோயாவும் போடுகிறார்கள். மறு பக்கம் முட்டை வருகிறது. ஒரே ஒரு வித்தியாசம்தான். யந்திரத்துக்கு வலிக்காது.

கூண்டுக்குள் என்ன நடக்கிறது?

கோழிக்கு என்ன இடம் வேண்டும் என்று இங்கிலாந்தில் அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1989-ல் வெளியான அந்த ஆய்வில், பழுப்பு முட்டைக் கோழி ஒன்று சும்மா நிற்கவே சராசரி 475 சதுர சென்டிமீட்டர் பிடிக்கிறது என்று கண்டார்கள். இறக்கையை நீட்டிச் சோம்பல் முறிக்க ஏறக்குறைய 900. அதாவது, விரித்து வைத்த பத்திரிகையின் இரண்டு பக்கம். நம் பண்ணைகளின் வெள்ளை லெகார்ன் வகைக் கோழி கொஞ்சம் சிறியது. கொஞ்சம் குறைத்துக் கொள்ளுங்கள். அப்போதும் ஒரு பக்க இடத்தில் இறக்கை விரியாது.

நெருக்கத்தில் கோழிகள் ஒன்றையொன்று கொத்தும். கொத்தாமலிருக்கப் பண்ணைகளில் குஞ்சாக இருக்கும்போதே அலகின் நுனியைச் சூடான தகட்டில் வெட்டிவிடுகிறார்கள். 'மூக்கு வெட்டுதல்' என்று பெயர். நகம் வெட்டுவது போலத்தான் என்று சிலர் சொல்வார்கள். வாஸ்தவத்தில் அலகின் நுனியில் நரம்பு இருக்கிறது. நமக்கு விரல் நுனி எப்படியோ, கோழிக்கு அலகு அப்படி.

இன்னொன்று, பெண்களாகிய நமக்கு நன்றாகவே விளங்கும். பிள்ளை பெற்றவளுக்குச் சுண்ணாம்புச் சத்துக் குறையும் என்று டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுக்கிறார் அல்லவா? ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. காட்டுக் கோழி வருஷத்துக்கு ஒரு டஜனோ சற்று மேலோ முட்டையிடும். பண்ணைக் கோழியோ 300-க்கு மேல் இடுகிறது. தீவனத்தில் போதாத சத்தைத் தன் எலும்பிலிருந்தே கரைத்துக் கொடுக்கிறது. நடக்கவும் குதிக்கவும் இடமில்லாததால் எலும்பு மேலும் மெலிகிறது. பிடிக்கும்போதே எலும்பு முறிவது உண்டு. எழுபத்திரண்டு வாரமோ, சற்று மேலோ ஆனதும் முட்டை குறையும். அன்றோடு அதன் ஆயுளும் முடிந்தது. சாதாரணமாக ஐந்தாறு வருஷம் இருக்கக்கூடிய ஜீவன்.

சேவல் குஞ்சுகள் என்ன ஆகின்றன என்று கேட்பீர்கள். முட்டைக் கோழி ஜாதியில் சேவல் முட்டையும் இடாது, கறிக்கும் கொழுக்காது. ஆகவே பொரிப்பகத்தில் பிறந்த அன்றே அது கழிவு. உலகெங்கும் பொரித்த நாளிலேயே கோடிக்கணக்கில் கொன்று விடுகிறார்கள். நம் ஊரில் இவற்றில் சிலவற்றை நீங்களே பார்த்திருக்கிறீர்கள், கையிலும் எடுத்திருக்கிறீர்கள். திருவிழாக் கடைத்தெருவில், அட்டைப் பெட்டியில், சிவப்பும் பச்சையும் நீலமுமாகச் சாயம் தோய்த்துக் 'கீச் கீச்' என்று கத்திக் கொண்டிருக்குமே, அவைதாம்! குழந்தை அழுகிறதே என்று வாங்கி வருகிறோம். மூன்றாம் நாள் காலையில் குழந்தை எழுந்திருக்குமுன் அப்புறப்படுத்திவிட்டு, 'அது அம்மாகிட்டப் போயிடுச்சு' என்று பொய் சொல்கிறோம். ஜெர்மனியில் 2022 முதல் சேவல் குஞ்சுகளைக் கொல்வதைச் சட்டமே தடுத்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கோழியின் கதை வேறு. அதற்குக் கூண்டு இல்லை. கொட்டகைத் தரையில் ஆயிரக்கணக்கில் நெருக்கி வளர்க்கிறார்கள். நாற்பது நாளில் இரண்டு கிலோ! சதை வளரும் வேகத்துக்குக் கால் ஈடு கொடுக்காமல், பல கோழிகள் கடைசி நாட்களில் நொண்டுகின்றன. பிறகு கடைக்குப் பிரயாணம். மோட்டார் சைக்கிளின் இரண்டு பக்கமும், காலைக் கட்டித் தலைகீழாக, கொத்துக் கொத்தாகத் தொங்கிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? செவ்வாப்பேட்டையிலும் அன்று ஒரு வண்டி போயிற்று. பார்த்தவர்கள் முகம் திருப்பிக் கொள்ளவில்லை. அவ்வளவு பழகிவிட்டது நமக்கு.

பண்ணைக்காரர் கேட்ட கேள்வி

மோர் கொடுத்த பண்ணைக்காரரிடம், "கூண்டைக் கொஞ்சம் பெரிதாக்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"ஆக்கலாமுங்க. ஆனா செலவுல முக்கால்வாசி தீவனத்துக்கே போயிருதுங்க. மக்காச்சோளம் விலை ஏறினா எங்க உசிரு போகுது. முட்டை விலையை நான் தனியா நிர்ணயிக்க முடியாதுங்க. நான் கூண்டைப் பெரிசு பண்ணி முட்டைக்கு ஒரு ரூபா ஏத்துனா, நீங்க எங்கிட்ட வாங்குவீங்களா, பக்கத்துப் பண்ணையில வாங்குவீங்களா?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பதில் வரவில்லை. தட்டுக்கு இரண்டு ரூபாய் குறைவென்றால் அடுத்த தெருவுக்கு நடக்கிறவள் நான்.

இன்னொரு கேள்வியும் இருக்கிறது. அது இதைவிடப் பெரியது. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1989-ல் கருணாநிதி ஆட்சியில், பதினைந்து நாளுக்கு ஒரு முட்டை அதில் சேர்ந்தது. படிப்படியாக ஏறிப் பள்ளி நாள்தோறும் முட்டை என்றாயிற்று. செவ்வாப்பேட்டையில் அரசுப் பள்ளிக்குப் போகிற பிள்ளைக்கும் அந்த முட்டைதான். வீட்டில் கறி மாதம் ஒரு தடவை கூட இல்லாத பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! கும்மிடிப்பூண்டித் தொழிற்சாலையில் இரவு ஷிப்டு முடிந்து அறைக்கு வருகிற வடநாட்டு இளைஞன், நாலு பேராகச் சேர்ந்து முட்டைக் குழம்பு வைத்துத்தான் பசியாறுகிறான். முட்டை மலிவாக இருப்பதனால் எத்தனையோ பிள்ளைகளின் உடம்பில் தெம்பு இருக்கிறது. இதை மறந்துவிட்டுக் கோழிக்காகக் கண்ணீர் விடுவது நியாயமாகாது.

அப்படியானால் கோழியை மறந்துவிடுவது மட்டும் நியாயமா?

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தக் கேள்வியை இந்தியாவில் சட்டமாக்கியவர் நம் சென்னையைச் சேர்ந்த ஒரு பெண்மணி என்பதை நினைத்து நாம் பெருமைப்படலாம். கலாக்ஷேத்திராவை உண்டாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல்தான் அவர். 1952-ல் மாநிலங்களவை உறுப்பினரானதும், பிராணிகளை வதைப்பதைத் தடுக்க ஒரு தனி மசோதா கொண்டு வந்தார். அரசாங்கமே சட்டம் கொண்டுவரும் என்று பிரதமர் நேரு வாக்களித்தார். அதன் பலனாக 1960-ல் மிருகவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. 1962-ல் சென்னையில் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர்.

அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். நியாயமான அளவுக்கு நடமாட முடியாதபடி, உயரமோ நீளமோ அகலமோ போதாத கூண்டில் ஒரு பிராணியை அடைத்து வைப்பது குற்றம் என்கிறது. அநாவசியமாக வேதனைப்படும்படி பிராணியை எடுத்துச் செல்வதும் குற்றம். கோழிக்கு மட்டும் விலக்கு என்று அதில் எங்கும் எழுதவில்லை.

எழுதவில்லையே தவிர, நடைமுறையில் விலக்குத்தான். உலகத்திலும் அப்படியே நடந்தது. 1964-ல் ரூத் ஹாரிசன் என்ற இங்கிலாந்துப் பெண்மணி, பண்ணைப் பிராணிகளை யந்திரங்களாக நடத்துவதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். நாடே கலங்கிப் போயிற்று. அரசாங்கம் ஒரு குழு அமைத்து, 1965-ல் அறிக்கை வாங்கியது. நிற்க, படுக்க, திரும்ப, உடம்பைக் கோதிக்கொள்ள, கை கால் நீட்டப் பிராணிக்கு இடம் வேண்டும் என்றது அறிக்கை. இவ்வளவு சின்ன விஷயம் நடைமுறைக்கு வர எத்தனை காலம் ஆயிற்று தெரியுமா? ஐரோப்பிய ஒன்றியம் வெறும் கம்பிக் கூண்டுகளை 1999-ல் தடை செய்யத் தீர்மானித்து, 2012-ல்தான் தடை அமலுக்கு வந்தது.

நம் நாட்டுச் சட்டக் கமிஷன் 2017-ல் தன் 269-ஆவது அறிக்கையைக் கோழிகளுக்காகவே எழுதியது. கோழிகளை இப்படிக் கூண்டில் அடைப்பது 1960-ஆம் வருஷத்துச் சட்டத்துக்கு ஒவ்வாது என்று சொல்லி, புது விதிகளின் வரைவையும் கொடுத்தது. 2023-ல் மத்திய அரசு முட்டைக் கோழிகளுக்கென்று விதிகள் செய்தது. கூண்டு போகவில்லை. ஒரு கோழிக்குக் குறைந்தது 550 சதுர சென்டிமீட்டர் இடம் வேண்டும் என்று வந்தது. அதாவது, நம் பத்திரிகைப் பக்கத்தோடு இன்னும் 100 சதுர சென்டிமீட்டர். ஒரு தபால் கார்டு அளவுகூட இல்லை.

ஒரு தபால் கார்டுக்கு இத்தனை வருஷம்! ஆனாலும் அதை நான் கேலி செய்ய மாட்டேன். நெருக்கித் தள்ளும் ரயில் பெட்டியில் அரை சாண் இடம் கிடைத்தாலும் அருமை தெரிந்தவர்கள்தாமே நாம்!

சிக்கனம் செய்தது யார்?

சகோதரிகளே, குடும்பத்தைக் கட்டுச் செட்டாக நடத்துகிறோம் என்பதில் நமக்கு ஒரு பெருமை உண்டு. மாதச் செலவில் மிச்சம் பிடித்து, பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம். அந்த மிச்சம் நம் உழைப்பில் வந்தது; நாம் உடுத்தாத புடவையில் வந்தது. ஆனால் முட்டையில் கிடைக்கும் மிச்சத்தைப் பிடித்தது நாமல்ல. பண்ணைக்காரரும் அல்ல, அவருக்கு மிஞ்சுவது சில காசுகள்தாம். அதைப் பிடித்தது கோழி. தன் இறக்கையை விரிக்காமல், மண்ணில் புரளாமல், முட்டையிட மறைவிடம் இல்லாமல், தன் எலும்பைக் கரைத்து, அது நமக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதுவும் நாம் கேட்டு அது சம்மதித்ததல்ல.

ஆகவே, என் அபிப்பிராயம் இதுதான். அந்த மிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கக் கூடியவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும். சத்துணவுப் பிள்ளையின் தட்டிலிருந்து ஒரு முட்டையைக்கூட எடுக்கக் கூடாது. அந்த முட்டை விலை கூடினால் அதை ஏற்க வேண்டியது அரசாங்கம், அதாவது வரி கட்டும் நாம் எல்லோரும். ஆனால் நம் வீட்டு முட்டைக்கு ஒரு ரூபாய் கூடினால் என்ன? மாதம் முப்பது முட்டை வாங்குகிற வீட்டில் முப்பது ரூபாய். ஓட்டலில் ஒரு தோசை கூட வராது! அதற்குக் கூண்டில்லாமல் வளர்ந்த கோழியின் முட்டை கிடைக்காது. இன்று அதற்கு அதைவிடக் கூடுதல் விலை. ஆனால் கூண்டைப் பெரிதாக்க நினைக்கும் பண்ணைக்காரருக்கு அந்த ஒரு ரூபாய் தைரியம் கொடுக்கும். முடிந்தவர்கள் மேலும் கொடுத்து, கூண்டில்லா முட்டையைக் குறைவான எண்ணிக்கையில் வாங்கலாம்.

இன்னும் சில காரியங்களுக்குக் காசே தேவையில்லை. திருவிழாவில் சாயக் குஞ்சு வாங்காதீர்கள். குழந்தை அழட்டும், பலூன் வாங்கிக் கொடுங்கள். கோழிக்கடைக்காரரிடம், "தலைகீழாய்த் தொங்கவிட்டுக் கொண்டு வராதீர்கள், கூடையில் கொண்டு வாருங்கள்" என்று சொல்லுங்கள். ஒருத்தி சொன்னால் சிரிப்பார். பத்துப் பேர் சொன்னால் கேட்பார். முட்டை விற்கிறவரிடம், "இது எப்படி வளர்ந்த கோழி?" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டாலும் அடுத்த முறை அவர் விசாரித்து வைப்பார்.

'நாங்கள் முட்டையைத் தொடுவதே இல்லை' என்று சொல்லும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. பிறந்த நாள் கேக்கில் முட்டை இல்லை என்று நிச்சயமாகத் தெரியுமா? தவிர, நோய் சைவம் அசைவம் பார்ப்பதில்லை. நெருக்கத்தில் வளரும் கோழிகளுக்கு நோய் வராமலிருக்கவும் சீக்கிரம் கொழுக்கவும் மருந்துகளைத் தீவனத்தில் கலக்கும் வழக்கம் பரவியது. கொலிஸ்டின் என்று ஒரு மருந்து. வேறு எதற்கும் மசியாத கிருமிகளுக்கு டாக்டர்கள் கடைசியாகக் கையில் எடுப்பது. அதையும் கோழிக்குப் போட்டு வந்தார்கள். 2019-ல் மத்திய அரசு அதைப் பண்ணைகளுக்குத் தடை செய்தது. பண்ணையில் மருந்துக்குப் பழகிய கிருமி ஆஸ்பத்திரிக்கு வந்தால், படுக்கையில் இருப்பவர் கோழி தின்றவரா என்று கேட்டுக் கொண்டிராது.

செவ்வாப்பேட்டையிலிருந்து திரும்பும்போது நான் வெறுங்கையோடுதான் வந்தேன். ஆயாவிடம் முட்டை இல்லை. கடை முட்டையை அன்று வாங்க மனம் வரவில்லை. அன்று மனம் வரவில்லை என்றுதான் சொல்கிறேன். மறு வாரம் வாங்கினேன், குறைவாக வாங்கினேன், எங்கிருந்து வந்தது, எப்படி வளர்ந்தது என்று கேட்டும் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும்!

புறப்படும்போது ஆயாவிடம், "குஞ்சு எப்போது பொரியும்?" என்று கேட்டிருந்தேன். "அடை வெச்சுப் பத்து நாளாச்சு, கண்ணு. இன்னும் பதினோரு நாள்" என்றாள். இந்தப் பத்திரிகை உங்கள் கைக்கு வருவதற்குள் அந்தப் பதினோரு நாளும் கழிந்திருக்கும். செம்பழுப்புக் கோழி பானையை விட்டு எழுந்து, பின்னால் ஒரு கூட்டத்தை இழுத்துக்கொண்டு, முருங்கை மரத்தடியில் குப்பையைச் சீய்த்துக் கொண்டிருக்கும்.

தரையில் விரித்து வைத்த பத்திரிகையை இப்போது எடுத்துக் கொள்ளலாம்.